வீட்டு அட்வான்ஸைத் திரும்பப் பெறுவது எப்படி?

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர், வாடகை எவ்வளவு என்று கேட்ட கையோடு அட்வான்ஸ் எவ்வளவு என்றும் கேட்டுவிடுகிறார். மாதம் 15,000 ரூபாய் வாடகையுள்ள வீட்டுக்குப் பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கேட்டால் அது 1,50,000 ரூபாய். நகையை அடகு வைத்தோ, ஊரில் உள்ள உறவினரிடம் கைமாற்று வாங்கியோ இந்தத் தொகையைப் புரட்டுகிற குடும்பங்கள் ஏராளம். அப்படிப் புரட்டிக் கொடுத்த பணம் ஆண்டுக்கணக்கில் வட்டியில்லாமல் இன்னொருவர் கையில் இருக்கிறது. வீட்டைக் காலி செய்யும்போது அதைப் பெறுவதற்குச் சட்டத்திலும் நடைமுறையிலும் என்ன வழி இருக்கிறது என்பதை, முதன்முறையாக வாடகை வீட்டுக்குக் குடிபோகிறவர்களை மனத்தில் வைத்து இங்கே விளக்குகிறேன். தமிழ்நாட்டு நகரங்களில் உள்ள குடியிருப்பு வீடுகளைப் பற்றியே பேசுகிறேன். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சில செய்திகள் மாறுபடும்.

முதலில் அட்வான்ஸ் என்பது என்ன என்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அது வாடகை அன்று; வீட்டு உரிமையாளரின் வருமானமும் அன்று. குடியிருப்பவர் வாடகை பாக்கி வைத்துவிட்டால், மின்கட்டணம் போன்றவற்றைக் கட்டாமல் போய்விட்டால், வீட்டுக்குச் சேதம் ஏற்படுத்திவிட்டால், அந்த இழப்பை ஈடுசெய்வதற்காக உரிமையாளரிடம் கொடுத்துவைக்கப்படும் பாதுகாப்புத் தொகை அது. இந்த மூன்று வகை இழப்பும் இல்லையென்றால் கொடுத்த தொகை முழுவதும் கொடுத்தவருக்கே உரியது. வீட்டைக் காலி செய்த பிறகு உரிமையாளர் நமக்கு அந்தத் தொகையைத் தர வேண்டிய கடன்காரர் ஆகிறார். எனவே எதையேனும் பிடித்தம் செய்ய விரும்பினால், எதற்காக, எவ்வளவு என்று காரணம் காட்ட வேண்டியவர் பணத்தை வைத்திருப்பவர்தான். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாகிவிடுகிறது. கொடுத்தவர் கெஞ்சும் நிலையிலும், வாங்கியவர் பெருந்தன்மையோடு திருப்பித் தருகிற தோரணையிலும் இருக்கிறார்கள். அந்த மனநிலையிலிருந்து வெளியே வந்து இதை ஒரு கணக்காகப் பார்க்கத் தொடங்கினாலே பேச்சுவார்த்தை நேராகிவிடும்.

உரிமையாளர் ஏன் இழுத்தடிக்கிறார் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். எல்லாரும் ஏமாற்றும் எண்ணத்தில் அப்படிச் செய்வதில்லை. வாங்கிய அட்வான்ஸைத் தனியாக வங்கியில் போட்டு வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலும் அந்தப் பணம், முன்பு குடியிருந்தவருக்குத் தர வேண்டியதற்கும், மாடி கட்டிய கடனுக்கும், வீட்டுத் திருமணத்துக்கும் செலவாகியிருக்கும். அடுத்துக் குடிவருபவர் கொடுக்கும் அட்வான்ஸை வாங்கித்தான் நமக்குத் தர முடியும் என்ற நிலையில் பலர் இருக்கிறார்கள். 'புதிதாக ஆள் வந்ததும் தருகிறேன்' என்ற பதில் அங்கிருந்துதான் வருகிறது. அது அவருடைய பணச்சிக்கலே தவிர, நம் உரிமையைத் தள்ளிப்போடும் காரணம் ஆகாது. ஆனால் அந்தச் சிக்கலை முன்கூட்டியே அறிந்து நடந்துகொண்டால் நமக்குத்தான் நன்மை.

சட்டம் சொல்வது

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக, நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின் 11-ஆவது பிரிவு அட்வான்ஸைப் பற்றியது. அதில் நமக்குத் தேவையான செய்திகள் இரண்டு. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது முதலாவது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டிய பாக்கிகளைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது இரண்டாவது.

முதலாவது விதிக்கு ஒரு விலக்கு உண்டு. இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அதன்படி நடக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. மேலே சொன்ன 15,000 ரூபாய் வாடகை வீட்டுக்குச் சட்டப்படியான அட்வான்ஸ் 45,000 ரூபாய்தான். ஆனால் 1,50,000 ரூபாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது செல்லும். இந்த விலக்கு விதியையே விழுங்கிவிட்டது என்பது என் கருத்து. வீடு கிடைத்தால் போதும் என்ற தவிப்பில் இருப்பவர் எந்தத் தொகைக்கும் கையெழுத்துப் போடுவார் என்பது தெரிந்ததே. என்றாலும், மூன்று மாதம் என்பதே சட்டம் வகுத்த பொது அளவு என்று தெரிந்து பேசுபவருக்கும் தெரியாமல் பேசுபவருக்கும் வேறுபாடு இருக்கிறது. பத்து மாதம் கேட்பவர் ஐந்து அல்லது ஆறு மாதத்துக்கு இறங்கி வருவது நடக்கக்கூடியதுதான். குறைவாகக் கொடுத்தால் திரும்பப் பெற வேண்டியதும் குறைவு. பின்னாளில் வரக்கூடிய தகராறின் அளவை வீட்டுக்குள் நுழையும் நாளிலேயே இப்படிச் சுருக்கிவிடலாம். 2021 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகையையே உச்சவரம்பாகக் கொண்டுள்ளது. அது மாநிலங்களுக்கான முன்மாதிரி மட்டுமே. இங்கே பொருந்துவது 2017-ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

இச்சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை அரசின் வாடகைப் பதிவு இணையதளம் வழியாக வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து பதிவு எண் பெற வேண்டும். முத்திரைத்தாளில் பதினோரு மாதத்துக்கு எழுதிக்கொண்டு அத்துடன் விட்டுவிடும் பழக்கம் இன்னும் பரவலாக இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் கட்டாயமாகப் பதிய வேண்டும் என்ற பழைய விதியைத் தவிர்ப்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. புதிய சட்டத்தின் பதிவுக் கடமை பதினோரு மாத ஒப்பந்தத்துக்கும் உண்டு. பதிவு செய்த ஒப்பந்தம் கையில் இருந்தால், நாளை ஒரு தகராறு வரும்போது, அட்வான்ஸ் எவ்வளவு, யார் யாரிடம் கொடுத்தார் என்ற அடிப்படைக் கேள்விகளிலேயே காலம் வீணாகாது.

குடிபோகும் நாளில் செய்ய வேண்டியவை

அட்வான்ஸ் திரும்ப வருமா, எவ்வளவு வரும் என்பது பெரும்பாலும் குடிபோகும் வாரத்திலேயே முடிவாகிவிடுகிறது. காலி செய்யும்போது வாதாடுவதற்குத் தேவையான ஆதாரம் எல்லாம் அப்போது உருவாக்கப்பட வேண்டியவை. பின்னால் உருவாக்க முடியாதவை.

பணத்தை வங்கி வழியாகவே கொடுக்க வேண்டும். டோக்கன் அட்வான்ஸ் என்று முதலில் ஐந்தாயிரமோ பத்தாயிரமோ ரொக்கமாகக் கொடுத்திருந்தால், அதுவும் சேர்ந்துதான் மொத்தத் தொகை என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்ல வேண்டும். உரிமையாளரின் பெயரில் உள்ள கணக்குக்கே பணம் போக வேண்டும்; மகன் கணக்குக்கோ புரோக்கர் கணக்குக்கோ அனுப்பச் சொன்னால், அவருக்கு அனுப்பியதை உரிமையாளர் பெற்றுக்கொண்டதாக எழுத்தில் வாங்க வேண்டும். இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஒருவரிடமிருந்து ரொக்கமாகப் பெறுவதை 2017 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பதையும் பெரிய தொகை கேட்பவரிடம் நினைவூட்டலாம்.

பொருள்களை இறக்குவதற்கு முன்பே, காலியான வீட்டின் ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுத்து, அன்றே உரிமையாளரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவைக்க வேண்டும். எடுத்துத் தன்னிடமே வைத்துக்கொண்டால் பாதிப் பயன்தான். அனுப்பினால்தான் அவரும் அந்த நிலையை அந்தத் தேதியில் அறிந்திருந்தார் என்பதற்குச் சான்று கிடைக்கும். சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருப்பதால் குழாய்களிலும் குளியலறை ஓடுகளிலும் வெள்ளைப் படிவு ஏறியிருக்கும். அதை அருகில் சென்று படம் எடுக்க வேண்டும். கதவு நிலையின் அடிப்பகுதியில் கரையான் அரித்த தடம், மேல்தளத்தில் நீர்க்கசிவுக் கறை, வாஷ்பேசினில் விரிசல், ஜன்னல் கண்ணாடியில் கீறல், ஏற்கெனவே சுவரில் இருக்கும் ஆணித் துளைகள், வேலை செய்யாத ஸ்விட்ச், மின் மீட்டரின் அன்றைய ரீடிங் ஆகியவற்றை விட்டுவிடக் கூடாது. உரிமையாளர் விட்டுச்செல்லும் மின்விசிறி, குழல்விளக்கு, கீசர், எத்தனை செட் சாவி என்பதையும் ஒப்பந்தத்துடன் பட்டியலாக இணைக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் அட்வான்ஸைப் பற்றிய வாசகத்தைக் கையெழுத்துக்கு முன் இரண்டு முறையாவது படிக்க வேண்டும். 'காலி செய்யும்போது பெயின்டிங் செலவுக்காக ஒரு மாத வாடகை பிடித்தம் செய்யப்படும்' என்ற வரி பல ஒப்பந்தங்களில் அச்சடித்தாற்போல் இருக்கிறது. அதை நீக்கச் சொல்லலாம். நீக்க மறுத்தால், ஓராண்டுக்குள் காலி செய்தால் மட்டும், அல்லது உண்மையாகச் செலவான தொகைக்கு மட்டும் என்று மாற்றச் சொல்லலாம். எத்தனை நாளில் திருப்பித் தரப்படும் என்பது இல்லையென்றால் அதையும் எழுதச் சொல்ல வேண்டும்.

பிடித்தம்: எது நியாயம், எது இல்லை

தகராறுகளில் பெரும்பகுதி இங்கேதான் எழுகிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

வீட்டை எந்த நிலையில் பெற்றோமோ அந்த நிலையில் திருப்பித் தர வேண்டும். ஆனால் வழக்கமான பயன்பாட்டால் ஏற்படும் தேய்மானத்துக்குக் குடியிருந்தவர் பொறுப்பல்லர். இதுவே சட்டத்தின் அடிப்படை. ஐந்து ஆண்டுகள் ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டில் சுவர் வண்ணம் மங்கியிருக்கும், தரை மெருகு குறைந்திருக்கும், மழையில் உப்பிய கதவு சரியாக மூடாது, உப்புத் தண்ணீரில் குழாய் தேய்ந்திருக்கும். இவை யார் குடியிருந்தாலும் நடப்பவை. இவற்றுக்கு ஈடாகத்தான் மாதந்தோறும் வாடகை கொடுக்கப்பட்டிருக்கிறது. உடைந்த வாஷ்பேசின், தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் மாட்டுவதற்காகத் துளையிட்டதில் விரிந்துபோன ஓடு, குழந்தைகள் சுவர் முழுவதும் கிறுக்கிய கிரேயான் கோடுகள், கழற்றி எடுத்துக்கொண்ட மின்விசிறி ஆகியவை சேதம் அல்லது இழப்பு. இவற்றுக்குப் பிடித்தம் கேட்பது நியாயமே. அதைக் குடியிருந்தவரும் மறுக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத நிலையில், எந்தப் பழுதை யார் பார்க்க வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கிறது. கட்டடத்தின் அமைப்பில் ஏற்படும் பழுதுகள், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவது, தேவைப்படும்போது குழாய்களையும் மின்கம்பி இணைப்புகளையும் மாற்றுவது ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. குழாயின் வாஷரை மாற்றுவது, கழிவுநீர்க் குழாய் அடைப்பை எடுப்பது, வாஷ்பேசின், கழிப்பறை, கீசர் ஆகியவற்றின் பழுது, ஸ்விட்ச், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை போன்றவை குடியிருப்பவரின் பொறுப்பு. காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் அழைத்து இந்த இரண்டாம் வகையைச் சரிசெய்துவிட்டு ரசீது வாங்கி வைத்துக்கொண்டால், உரிமையாளர் பின்னர் மதிப்பிட்டுக் கழிக்கும் தொகையைவிடக் குறைவாகவே செலவாகும்.

பெயின்டிங் உரிமையாளரின் பொறுப்பு என்று அட்டவணையே சொல்லும்போது அதற்காக ஒரு மாத வாடகையைப் பிடிப்பது எப்படி நடக்கிறது என்றால், ஒப்பந்தத்தில் நாமே ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டதால்தான். ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லையென்றால், வழக்கம் என்ற ஒரே காரணத்தைச் சொல்லிப் பிடிப்பதை ஏற்க வேண்டியதில்லை. வரி இருந்தாலும் கேட்கத்தக்க கேள்விகள் உண்டு. நாம் குடிவரும்போது புதிதாக வண்ணம் பூசிக் கொடுத்தார்களா? எத்தனை ஆண்டுகள் குடியிருந்தோம்? சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எப்படியும் வண்ணம் பூசத்தான் வேண்டும். ஆறாண்டு குடியிருந்தவரிடம் முழுச் செலவையும் வாங்குவது, அடுத்து வருபவருக்காக வீட்டை அழகுபடுத்தும் செலவைப் போகிறவர் தலையில் கட்டுவதாகும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் பெரிய தொகையாகத் தெரியாத இந்தப் பிடித்தம், ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் ஒரு மாத வாடகையைக் கரைத்துவிடுகிறது. அடிக்கடி வீடு மாற வேண்டியிருக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களைத்தான் அது அதிகம் பாதிக்கிறது.

வெள்ளம் வந்து போன வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற பகுதிகளில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அவ்வாறு ஊறிய சுவரும் உப்பிய கதவும் குடியிருந்தவர் செய்த சேதம் அல்ல. நீர் வடிந்தவுடன் படம் எடுத்துத் தேதியுடன் உரிமையாளருக்கு அனுப்பியிருந்தால், இரண்டு ஆண்டு கழித்துக் காலி செய்யும்போது அதை நினைவுபடுத்துவது எளிது.

மின்கட்டணம் தனியாகக் கவனிக்க வேண்டிய இடம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். நாம் காலி செய்யும் நாள் பெரும்பாலும் அந்தச் சுற்றின் நடுவில் விழும். காலி செய்யும் நாளின் ரீடிங்கிலிருந்து கடைசியாக இ.பி. ஊழியர் குறித்த ரீடிங்கைக் கழித்தால் நாம் பயன்படுத்திய யூனிட் தெரிந்துவிடும். அது 240 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 240 யூனிட்டுக்கு என்ன கட்டணமோ அதுவே நம் பங்கு; முதல் 100 யூனிட் இலவசம் என்பதும் அந்தக் கணக்கில் அடங்கும். அதே சுற்றில் அடுத்துக் குடிவந்தவர் 300 யூனிட் பயன்படுத்தினால் மொத்தம் 540 ஆகிவிடும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே உயர்ந்துவிடுகிறது. அந்த உயர்ந்த விகிதத்தில் நம் பங்கைக் கணக்கிட்டுக் கழிப்பது சரியல்ல. மின்வாரிய இணையதளத்தில் உள்ள கட்டணக் கணிப்பானில் நம் யூனிட்டை மட்டும் இட்டுப் பார்த்து, வரும் தொகையை அன்றே கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவது நல்லது. அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால், சங்கத்துக்குத் தர வேண்டிய பராமரிப்புக் கட்டணத்தில் பாக்கி இல்லை என்று செயலாளரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

காலி செய்வதாகச் சொன்ன நாள் முதல்

காலி செய்யப் போவதை ஒப்பந்தத்தில் கண்டுள்ள கால அளவுக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். படிக்கட்டில் பார்த்தபோது வாய்மொழியாகச் சொன்னது போதாது. இரண்டு மாத முன்னறிவிப்புத் தேவை என்றிருந்து ஒரு மாதத்தில் காலி செய்தால், மற்றொரு மாத வாடகையைக் கழிக்க உரிமையாளருக்கு இடம் கொடுத்துவிடுவோம். அந்தக் கடிதத்திலேயே காலி செய்யும் தேதி, அவரிடம் உள்ள அட்வான்ஸ் தொகை, அதைச் செலுத்த வேண்டிய நம் வங்கிக் கணக்கு ஆகிய மூன்றையும் குறிப்பிட வேண்டும்.

புதிய வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் நாளும் பழைய வீட்டு அட்வான்ஸ் கைக்கு வரும் நாளும் ஒன்றாக இருப்பதில்லை. சட்டமே ஒரு மாதம் அவகாசம் தருகிறது; புதிய வீட்டுக்காரரோ சாவிக்கு முன்பே முழுத்தொகையும் கேட்கிறார். இந்த இடைவெளியில்தான் பலர் வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள். ஆகவே முன்னறிவிப்புக் கொடுக்கும்போதே, பாதித் தொகையையாவது காலி செய்வதற்குமுன் தருமாறு கேட்க வேண்டும். அடுத்த குடித்தனக்காரரைப் பார்க்க ஆள்கள் வந்தால் வீட்டைத் திறந்து காட்டி ஒத்துழைப்பது நமக்கும் பயன் தரும். அவர் தரும் அட்வான்ஸ்தான் நமக்கு வரப்போகிறது.

கடைசி இரண்டு மூன்று மாத வாடகையைக் கொடுக்காமல் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்வது பரவலான பழக்கம். பணம் திரும்ப வராதோ என்ற அச்சத்தில் எழுந்த பழக்கம் இது. உரிமையாளரும் ஒத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் வசதியானதும்கூட. ஆனால் அவருடைய ஒப்புதல் எழுத்தில், குறைந்தபட்சம் வாட்ஸ்அப் செய்தியாகவாவது இருக்க வேண்டும். ஒப்புதல் இல்லாமல் நாமாக நிறுத்தினால் சட்டத்தின் கண்ணில் அது வாடகை பாக்கி. அதுவரை நம் பக்கம் இருந்த நியாயம் பலவீனமாகிவிடும்.

சாவி ஒப்படைப்பு

பொருள்களை ஏற்றிய பிறகு, வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டு, குடிவந்த நாளில் எடுத்த அதே வரிசையில் மீண்டும் வீடியோ எடுக்க வேண்டும். பிறகு உரிமையாளரையோ அவர் அனுப்பும் ஒருவரையோ உடன் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்ட வேண்டும். குறை இருந்தால் அந்த இடத்திலேயே சொல்லச் சொல்ல வேண்டும். பின்னர் தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகும் குறைப்பட்டியலுக்கு இதுவே தடுப்பு. தேதி, நேரம், மீட்டர் ரீடிங், சாவிகளின் எண்ணிக்கை, ஒத்துக்கொண்ட பிடித்தம், தர வேண்டிய மீதி, அதைத் தரும் நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ள வேண்டும். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால், அவர் சார்பில் யார் சாவி வாங்குகிறார் என்பதை அவரே செய்தியாக அனுப்ப வேண்டும்.

பணம் வந்தால்தான் சாவி என்று பிடிவாதமாக இருக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில், ஒரு கையில் சாவியும் மறு கையில் வங்கிப் பரிமாற்றமுமாக முடித்துக்கொள்வதுதான் மிகச் சிறந்த வழி. அதைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் உரிமையாளர் மறுத்தபின் மாதக்கணக்கில் சாவியை வைத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாவி நம்மிடம் இருக்கும்வரை வீடு காலியாகவில்லை, வாடகை ஓடுகிறது என்று அவர் வாதிடலாம். ஒரு மாதக் கெடுவும் தொடங்கவில்லை என்பார்.

பணத்துக்குப் பதில் காசோலை தந்தால் வாங்கிக்கொள்ளலாம். பின்தேதியிட்ட காசோலையும் வெறும் வாய்ச்சொல்லைவிட மேல். கணக்கில் பணமில்லாமல் அது திரும்பினால், திரும்பிய செய்தி வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்பி, 15 நாள் அவகாசத்துக்குப் பின்னும் பணம் வராவிட்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவின்கீழ் ஒரு மாதத்துக்குள் குற்றவியல் புகார் தாக்கல் செய்யலாம்.

தர மறுத்தால்

ஒரு மாதம் கடந்தும் பணம் வரவில்லையென்றால் தொலைபேசியில் சண்டையிடுவதை நிறுத்திவிட்டுக் கடிதத்துக்கு மாற வேண்டும். எந்த வீடு, எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தோம், எந்தத் தேதியில் சாவியை ஒப்படைத்தோம், எவ்வளவு வர வேண்டும், எத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்பதை நிதானமான மொழியில் எழுதி, சேர்ப்பித்ததற்கான சான்று கிடைக்கும் வகையில் அஞ்சலில் அனுப்ப வேண்டும். வட்டியும் கோருகிறோம் என்று அதில் தெளிவாகச் சொல்ல வேண்டும். 1978-ஆம் ஆண்டின் வட்டிச் சட்டப்படி, எழுத்துமூலம் வட்டி கோரிய நாளிலிருந்து நீதிமன்றம் வட்டி அளிக்க வழியுண்டு. இந்தக் கடிதத்தை வழக்கறிஞர் வழியாக அனுப்பினால் இன்னும் எடை கூடும். வழக்கு வரை போகாமல் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும் தகராறுகள் நிறைய.

அதற்கும் பதில் இல்லையென்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். வழக்குத் தொடர்வதற்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேசி முடிக்க அங்கே ஏற்பாடு உண்டு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி கிடைக்கும். வாடகைத் தகராறுகளுக்கென்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்ற அமைப்புகளை ஏற்படுத்தியிருக்கிறது. ஒப்பந்தத்தின் பதிவு எண் அங்கே முதலில் கேட்கப்படும். எந்த மன்றத்துக்குப் போவது என்பதை ஒப்பந்தத்தின் தன்மையைப் பார்த்து வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். பணம் கேட்டு உரிமையியல் வழக்குத் தொடர்வதற்குப் பொதுவாக மூன்றாண்டு வரம்பு உண்டு என்பதால் 'அடுத்த தை மாதம் தருகிறேன்' என்ற வாக்குறுதிகளை நம்பி ஆண்டுகளைக் கடத்தக் கூடாது. காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்றுதான் சொல்வார்கள். மிரட்டலோ, பொருளை எடுக்கவிடாமல் தடுப்பதோ நடந்தால் அங்கே போகலாம்.

சில சிக்கலான நிலைமைகள்

குடியிருக்கும்போதே வீடு விற்கப்பட்டால், பழைய உரிமையாளர் வாங்கிய அட்வான்ஸைப் புதியவர் ஏற்றுக்கொண்டதாக மூவரும் கையெழுத்திட்ட கடிதம் வாங்கிய பிறகே புதியவருக்கு வாடகை கொடுக்கத் தொடங்குவது பாதுகாப்பு. இல்லையென்றால் காலி செய்யும்போது ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார். உரிமையாளர் இறந்துவிட்டால், அவருடைய சொத்தைப் பெற்ற வாரிசுகள் அந்தச் சொத்தின் அளவுக்கு அவருடைய கடன்களுக்கும் பொறுப்பாளிகள். அட்வான்ஸும் அத்தகைய கடனே.

நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து வீடு எடுப்பதில் வேறொரு சிக்கல். ஒருவர் வெளியேறி இன்னொருவர் வரும்போது புதியவர் பழையவருக்கு அட்வான்ஸ் பங்கைக் கொடுத்துவிடுவார். உரிமையாளரின் ஒப்பந்தத்திலோ முதலில் கையெழுத்துப் போட்டவர் பெயர் மட்டுமே இருக்கும். கடைசியில் அவர் கணக்குக்கே பணம் போகும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் உரிமையாளருக்கு ஒரு செய்தி அனுப்பி அவரும் சரி என்று சொன்னதைச் சேமித்துக்கொள்ள வேண்டும்.

மாத வாடகையே இல்லாமல் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்து லீசுக்கு, அதாவது ஒத்திக்கு வீடு எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே திரும்ப வர வேண்டிய தொகை மிகப் பெரியது. வீட்டின் பேரில் வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்து, பத்திரத்தைப் பதிவும் செய்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

பேசியபடி தொகை முழுவதும் நம் கணக்கில் வந்து சேர்ந்ததும், பெற்றுக்கொண்டதாகத் தேதியிட்டு ஒரு ரசீது எழுதிக் கொடுப்பது நம் கடமை. உரிமையாளரிடம் உள்ள ஒப்பந்தப் படியிலும் நம் படியிலும் 'கணக்கு முடிக்கப்பட்டது' என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளலாம். பணம் வருவதற்கு முன்பே அந்த ரசீதில் கையெழுத்துக் கேட்டால், வந்த தொகைக்கு மட்டும், அதன் அளவைக் குறிப்பிட்டு, மீதி இன்னும் வர வேண்டியிருக்கிறது என்றும் சேர்த்து எழுதிக் கொடுக்க வேண்டும்.